பார்வையாளர் அறையில் அம்மா

இறந்துபோன பிறகும் அம்மா ஞாயிறு தவறாமல் பள்ளி விடுதிக்கு வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனாள். காவலாளி வழக்கம்போல் கேட்டைத் திறந்துவிட்டான். பார்வையாளர் அறையில் கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து, மகளின் செம்பட்டை முடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். வார்டனுக்கு விஷயம் தெரியும். ஆனால் இறந்தவர்கள் வரக்கூடாது என்று விடுதி விதிகளில் எங்கும் இல்லை.

மகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது, முடிகிறவரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை போனில் குரல் பிசகாமல் நலம் விசாரித்தாள். அப்பா ஓர் இனம், அம்மா வேறோர் இனம். அதனால் அத்தை அவளைக் 'கலப்பு' என்று கொஞ்சுவதுபோலக் குத்துவாள், விடுதிப் பிள்ளைகள் கொஞ்சாமலே குத்துவார்கள். அவளுக்கென்று இருந்தது அம்மாவின் பாஷை ஒன்றுதான். அப்பாவின் நாக்கில் அது ஏறவே இல்லை. அத்தையை எதிரே வைத்துக்கொண்டே தாயும் மகளும் அவள் குறட்டையைப் பற்றி அதில் பேசிச் சிரிப்பார்கள்.

அந்த ஞாயிறுகளில் அம்மா அப்பாவின் பாஷையிலேயே பேசினாள். மகள் தங்கள் பாஷையில் எதைக் கேட்டாலும், "படி கண்ணு, பரீட்சை வருதுல்ல" என்றுதான் பதில் வந்தது. கைகள் சில்லென்றிருந்தன. வெளியே குளிர் போலிருக்கிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் ஞாயிறு. அவளை அழைத்துப்போக வந்த அப்பா கேட்டருகிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். அடக்கம் எப்போதோ முடிந்திருந்தது. "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். அவள் அழவில்லை. நேரே பார்வையாளர் அறைக்குப் போனாள். அம்மா சீப்போடு காத்திருந்தாள்.

"அவரு மறைச்சாரு, சரி. செத்தது நீதானே. நீ ஏன் சொல்லல?"

"உங்கப்பா சொல்ல வேண்டாம்னாரு."

"அதுக்காக நம்ம பாஷையையுமா விட்ட?"

இறந்த பிறகு முதல் தடவையாக அம்மா அந்தப் பாஷையில் பேசினாள். "இதுல எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

அப்பா ஏமாற்றியதையாவது மகள் காலப்போக்கில் பொறுத்துக்கொண்டிருப்பாள். கடைசியாக முகம் பார்க்கவிடாமல் செய்ததில் அம்மாவே கூட்டுச் சேர்ந்ததை அவளால் செரிக்க முடியவில்லை.

பிறகு அவள் மேலே படித்தாள், வேலைக்குப் போனாள், வாடகை வீடுகள் மாறினாள். அம்மா விசாரிக்காமலே எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தாள். இப்போதெல்லாம் வாய் ஓயாமல் தன் பாஷையில்தான் பேசுகிறாள். அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரில் வேறு ஆளில்லை. மகள் கதவைத் திறப்பாள், டீ போட்டு வைப்பாள், தலையைப் பின்னவும் கொடுப்பாள். பதிலை மட்டும் அப்பாவின் பாஷையில் சொல்வாள்.