உலைக்கு வந்த தோப்பு

"ஒங்கப்பா குடுத்துட்டாரா?" என்று கேட்டார் சின்னையன் மாமா.

காலையிலிருந்து காடாம்புலியூரில் விறகு கேட்டு வெண்மதி ஏறாத வாசல் இல்லை. எல்லா வீட்டிலும் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், கல்யாணம் எப்போது என்று மறக்காமல் விசாரித்தார்கள். கடைசியில் சுற்றிச் சுற்றி எல்லாரும் வந்து நின்ற இடம் இந்த ஒரு கேள்விதான். சின்னையன் மாமாவின் கொல்லையில் முந்திரி மரங்கள் வரிசை கலையாமல் மேற்குப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பூவெடுக்க வேண்டிய தை மாதத்தில் இலையெல்லாம் காய்ந்து சருகாகி, காற்றடித்தால் சலசலவென்று சத்தம் போட்டது.

"கீழ வுழுந்து கெடக்கறதத்தான மாமா கேக்கறேன்."

"வுழுந்துதான் கெடக்குது. செத்தா பூடுச்சி?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "நீ படிச்ச பொண்ணு. ஒங்கப்பா தோப்பையே நீ எடுத்துட்டன்னா, செரி, இனிமே இது தேறாதுன்னு நாங்களும் வெட்டிப்புடுவோம். அவுரு வெச்சிருக்கற வரைக்கும் நாங்களும் வெச்சிருப்போம். இதுல என்னா தப்பு, சொல்லு?"

தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம்.

ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குப்பியும் என்று நினைக்கிறவர்கள் வெண்மதி பின்னால் ஒரு நாள் சுற்றிப் பார்க்க வேண்டும். மூன்று வருஷமாக அவள் பார்த்தது பாதி விறகு மண்டிக்காரி வேலை. சிதம்பரத்தில் அவள் படிக்கும் பல்கலைக்கழகமும், கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் ஒரு கம்பெனியும் சேர்ந்து ஓர் உலை கட்டியிருந்தன. விறகைத் துண்டு துண்டாக்கி, காற்றை அளந்து விட்டு எரித்தால் ஒரு வாயு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் கரண்டு. டீசல் வேண்டாம், நிலக்கரி வேண்டாம். அந்தக் கரண்டில் ஐஸ் கம்பெனி ஓட வேண்டும். அது ஓடுவதை அளந்து எழுதி வெண்மதி டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விறகுதான் இல்லை. சவுக்கையெல்லாம் காகித ஆலைகளுக்கு லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உலை ஒரு வாரம் ஓடும், ஒரு மாதம் அதன் மேல் காக்காய் உட்கார்ந்திருக்கும். ஏப்ரலில் ஒரு மாதம் முழுக்க நிற்காமல் ஓட்டிக் காட்டாவிட்டால் கம்பெனி விலகிக்கொள்ளும் என்று மேனேஜர் ஸ்ரீதர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். விலகினால் வெண்மதியின் மூன்று வருஷமும் அம்போ.

அந்த நேரம் பார்த்துத்தான் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. டிசம்பர் கடைசியில் ஒரே காலைப்பொழுது. ஓய்ந்து பார்த்தால் பலா இல்லை, தென்னை இல்லை, கண்ணுக்கு எட்டியவரை இருந்த முந்திரிக்காடு மொத்தமும் படுத்துக் கிடந்தது. கரண்டுக் கம்பங்களும் கூடவே படுத்துக்கொண்டன. வாரக்கணக்கில் ஊர்கள் மெழுகுவர்த்தியில் இருந்தன.

பேராசிரியர் ஞானசேகரன் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரொம்ப நேரம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"சொல்லவே வாய் கூசுது வெண்மதி. ஆனா நமக்கு வேண்டிய விறகு பூரா இப்ப கீழ கெடக்கு. இப்ப வெட்டினாத்தான் ஏப்ரலுக்குள்ள காயும். மாவட்டமே இருட்டுல கெடக்கறப்ப இதச் செஞ்சு காட்டலன்னா நாம வேற எப்பச் செய்யறது? அது உன் ஊரு. நீ போய்க் கேட்டா குடுப்பாங்க."

அவர் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் அவள் பஸ் ஏறினாள்.

ஊரெல்லாம் கேட்டவள் தன் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. காரணம் இருந்தது. அவள் அப்பா பொன்னுரங்கம் புயலுக்கு மறுநாளிலிருந்து தோப்பிலேயே கிடந்தார். மண்ணிலிருந்து பெயர்ந்து மேலே தெரிந்த வேர்களின் மேல் சாக்கைப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டிருந்தார். அம்மா ரத்தினம்மாள் குடம் குடமாகச் சுமந்து கொடுத்தாள். மரத்துக்கு ஒரு சாக்கு. போதாமல் போன இடத்தில் அம்மாவின் பழைய புடவை. விதை ஊன்றி அவர் கையாலேயே வளர்த்த தோப்பு அது. அந்தக் கொட்டையை விற்றுத்தான் வெண்மதி இன்ஜினியரிங் படித்தாள், அவள் ஹாஸ்டலில் சாப்பிட்ட சோறும் அதுதான். அவரிடம் போய் விறகு என்ற வார்த்தையைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

சின்னையன் மாமா வீட்டிலிருந்து திரும்புகிற வழியில் வேப்பமரத்தடியில் நின்று, வேளாண்மைத் துறையில் இருக்கும் தன் தோழி ஸ்ரீமதிக்குப் போன் போட்டாள்.

"சாஞ்ச முந்திரி துளிர்க்குமாடி?"

"வேர் பாதியாவது மண்ணுல இருந்தா, கிளையக் கழிச்சிட்டு மண்ணு அணைச்சா வரலாம். எத்தனை வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டு மூணு மாசம் பொறுத்துத்தான் பாக்கணும்."

"ரெண்டு மூணு மாசமா?"

"ஆமாண்டி. ஏன், என்ன அவசரம்?"

வெண்மதி சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இவர்கள் பொறுத்துப் பார்க்கும்வரை ஏப்ரல் வராமல் காத்திருக்குமா என்ன? வரலாம் என்றால் வராமலும் போகலாம் என்றும்தானே அர்த்தம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா ஒரு மரத்தின் அடியில் குந்தி, சாக்கைத் தூக்கி வேரை விரலால் நிமிண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஊரெல்லாம் கேட்டியாமே. எங்கிட்ட ஏன் கேக்கல?"

அவள் காலால் சருகை ஒதுக்கினாள்.

"கேக்கறதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு மதி. எனக்கு மரத்தத் தெரியும், இந்த மாதிரி காத்தத் தெரியாது. ஆபீசருங்க வந்தாங்க, எழுதினாங்க, போனாங்க, ஒருத்தரும் வாயத் தெறக்கல. நீ படிச்சிருக்க. நாலு பேருகிட்ட கேட்டிருப்ப. இது துளிர்க்குமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. கேட்டேன், வரலாம் என்கிறார்கள், பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்பா பொறுத்திருப்பார். ஊரே பொறுத்திருக்கும். உலை மேல் காக்காய் உட்கார்ந்திருக்கும்.

"துளிர்க்காதுப்பா," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பார்வையில் சந்தேகம் என்று ஒரு துளி இருந்திருந்தாலும் அவள் அங்கேயே உடைந்து போயிருப்பாள். தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா நடுவழியில் நின்று, "நெசமாவாம்மா?" என்றாள். வெண்மதி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவ சொன்னா செரியாத்தான் இருக்கும்," என்று அப்பா எழுந்தார். மரம் மரமாகப் போய்ச் சாக்குகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் பிழிந்து, உதறி, முள்வேலி மேல் வரிசையாகக் காயப்போட்டார். அம்மா குடத்துத் தண்ணீரைக் கீழே ஊற்ற மனசில்லாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மிஷின் ரம்பம் வந்தது. பொன்னுரங்கம் தோப்பு அறுபடும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் யாரிடமும் வெண்மதி கேட்க வேண்டியிருக்கவில்லை. சின்னையன் மாமா, அவருடைய பங்காளிகள், சாலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் என்று தாங்களாகவே ரம்பக்காரனைக் கூப்பிட்டார்கள். ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். அடுத்த கொல்லை செல்லாயி. புருஷன் இல்லாதவள், ஐந்தாறு மரம்தான் அவளுக்கு. "எனக்கு மனசு வரலம்மா, கெடக்கட்டும்," என்றாள். படிப்பு, ஆராய்ச்சி எதையும் அவள் மறுத்துப் பேசவில்லை. வெட்டுவதைப் பார்க்கத் தெம்பில்லை என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

விறகு காய்ந்தது. ஏப்ரலில் உலை ஓடியது. அடேயப்பா, அப்படி ஓடும் என்று ஞானசேகரனே எதிர்பார்க்கவில்லை. முந்திரி விறகு நின்று எரிந்தது, எஞ்சின் ஒரு தரம்கூட மூச்சுத் திணறவில்லை. பாளம் பாளமாக ஐஸ் வந்து துறைமுகத்துக்குப் போயிற்று. மாதக் கடைசியில் கம்பெனி முற்றத்தில் பந்தல் போட்டு ஒரு விழா வைத்தார்கள். ஸ்ரீதர் மைக்கைப் பிடித்து, கம்பெனியும் பல்கலைக்கழகமும் இன்னும் மூன்று வருஷம் கைகோத்து நடக்கும் என்றார். முதன்முதலில் விறகு கொடுத்த விவசாயி என்று பொன்னுரங்கத்தை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் சலவைச் சட்டையில் கூச்சத்தோடு நின்றார். பிறகு உலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். படியேறி மேலே போனதும் ஆபரேட்டர் ஒரு விறகுத் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்க பெரியவரே," என்றான். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அப்புறம் உலைக்குள் போட்டார். கீழே நின்ற வெண்மதியைப் பார்த்து, "நல்லா ஓடுதும்மா," என்று சத்தமாகச் சொன்னார். எஞ்சின் இரைச்சலில் அவளுக்கு வாயசைவுதான் தெரிந்தது. மூன்று வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அழுகையாகவும் வந்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்தாள். எப்போதும் பஸ் ஏறுமுன் போன் செய்வாள். அன்றைக்கு அம்மாவைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஒரு ஆசை. உச்சி வெயில். குறுக்கு வழியாகப் போகலாம் என்று செல்லாயி கொல்லைப் பக்கம் இறங்கினாள். அங்கே யாரோ குனிந்து மண்வெட்டியால் மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். முதுகைப் பார்த்தே அப்பா என்று தெரிந்துவிட்டது.

"அப்பா!"

அவர் திரும்பினார். மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு, வரப்பில் தடுக்கிக்கொண்டு, வயசுக்கு மீறிய வேகத்தில் அவளை நோக்கி வந்தார். வந்து எதிரே வழியை மறித்து நின்றுகொண்டார். மூச்சு வாங்கியது.

"என்னாம்மா, ஒரு போன் போடக் கூடாது? வெயிலு ஜாஸ்தியா இருக்குது. வா, வூட்டுக்குப் போவலாம்."

"அங்க என்னாப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. செல்லாயிக்குக் கொஞ்சம் மண்ணு வெட்டிக் குடுத்தேன். வா, வா."

ஆனால் அவள் பார்த்துவிட்டாள். அவருக்குப் பின்னால், படுத்துக் கிடந்த மரத்தின் முதுகிலிருந்து துளிர்கள் நட்டுக்குத்தாக எழுந்து நின்றன. ஒன்று இரண்டல்ல, அடிமரம் நெடுக. இடுப்புயரம் இருந்தன. விழாவுக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோதே இவை முழ உயரமாவது வளர்ந்திருக்கும். அப்போதே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தார், தெரிந்துதான் அந்தத் துண்டை முகர்ந்து உலையில் போட்டார், நல்லா ஓடுதும்மா என்றார்.

கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து செல்லாயி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஐயோ, பாத்துட்டியாம்மா?" என்றாள். "ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ஊரு பூரா சத்தியம் வாங்கி வெச்சிருக்காரு ஒங்கப்பா. தெரிஞ்சா புள்ள தாங்காதுன்னு."

"சும்மா இரு செல்லாயி!" என்று அதட்டினார் அப்பா.

வெண்மதி, அப்பா என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் காதில் வாங்காதவர்போலத் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். இரண்டு கையாலும் அகல விரித்து, வியர்வை ஈரம் காயவைக்கிறவர் மாதிரி இடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டார். காற்றில் ஒரு துளிர், செம்பு நிற இலையோடு, துண்டுக்கு இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. அவர் இடப்பக்கம் நகர்ந்தார். வலப்பக்கம் இன்னொன்று வந்தது. அவள் கண்ணைப் பார்க்காமல், துண்டைத் தாழ்த்தாமல், அவர் வலப்பக்கம் நகர்ந்தார்.