பச்சை பட்டனுக்கு வழி சொன்னது யார்?

அலுவலகத்தில் அவளுக்கு சிஐடி என்று பெயர். எதையும் "ஏன்?" என்று கேட்டுக் குடையாமல் விடமாட்டாள். இன்று அவள் குடைந்துகொண்டிருந்தது சொந்த அண்ணனின் விவகாரத்தை.

அண்ணனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. வியாழக்கிழமையைத் திங்கட்கிழமையாக மாற்ற, ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் பச்சை பட்டனை அமுக்கியிருக்கிறான். "பதிவு முடிந்தது" என்று வந்திருக்கிறது. திங்களன்று நொண்டிக்கொண்டே போனால், "நீங்க வியாழக்கிழமையே வந்திருக்கணுமே" என்றார்களாம். இனி மூன்று மாதம் கழித்துத்தான் என்று வேறு தேதி கொடுத்திருக்கிறார்கள். யாரோ விலகியதால் அதற்கு முன்பே ஒரே ஓர் இடம் இன்று நாலு மணிக்குத் தளத்தில் திறக்கும்; தேதியை மாற்றி அதைப் பிடிக்கலாம்.

"எனக்குத்தான் கை தவறிடுச்சு. இனிமே அதைத் தொடவே மாட்டேன்" என்றுவிட்டான் அண்ணன்.

அந்தத் தளத்தைக் கட்டியதே அவள்தான். காலையிலிருந்து இருபது தடவை அமுக்கிப் பார்த்துவிட்டாள். புதுப் பதிவு ஒழுங்காகப் போனது. தேதி மாற்றம் மட்டும், உறுதி செய்யும் பக்கத்தைத் தாண்டி, நேராக "பதிவு முடிந்தது" பக்கத்தில் போய் நின்றது. உறுதி செய்யாமல் தேதி மாறாது. போன மாதம்வரை சரியாகத்தானே இருந்தது? நடுவில் மாறியது பட்டனின் நிறம் ஒன்றுதான்.

பக்கங்களின் அழகைக் கவனிப்பவருக்கு அலுவலகத்தில் பெயின்டர் என்று பெயர். அவளைவிட மூத்தவர். அவரைப் போய்ப் பிடித்தாள்.

"நீலம் ரொம்ப டல்லா இருந்துச்சும்மா. புதுப் பதிவுல இருந்த பச்சை பட்டனை எடுத்து இங்கயும் ஒட்டினேன். கலர்தானே?"

கலர் மட்டும் வரவில்லை. அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற நிரல் வரியும் பட்டனுக்குள்ளேயே இருந்ததால் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"பட்டனுக்கு எதுக்கும்மா வழி தெரியணும்?" என்றார் பெயின்டர்.

இந்தக் கேள்வி தனக்குத் தோன்றாமல் போனதே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. யார் எழுதிய வரி என்று தோண்டிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன், அவசரத்தில், அவளே எழுதியது. முகம் சுருங்கிப்போனது.

சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பதிவுப் பக்கங்களின் பட்டன்களிலிருந்து வழிகளையெல்லாம் பிடுங்கி ஒரே கோப்பில் வைத்தாள். இனி, தன்னை அமுக்கினார்கள் என்று மட்டும் பட்டன் சொல்லும். வந்தவர் எதற்கு வந்தார் என்று பார்த்து, அடுத்த பக்கத்தை அந்தக் கோப்பு முடிவு செய்யும். பெயின்டர் சும்மா இருப்பாரா? சிவப்பு, மஞ்சள், கண் கூசும் ஊதா என்று பட்டனுக்கு அடித்துப் பார்த்தார். வழி மாறவே இல்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"உன் கை தவறலண்ணா. தப்பு என்னோடது. நான் எழுதினதுதான்."



"ஒரு வாரமா என்னை நானே திட்டிக்கிட்டிருந்தேன்டி."

"மன்னிச்சிடுண்ணா."

"சரி விடு. இப்ப நானே அமுக்கட்டுமா?"

"நீதான் அமுக்கணும்."

நாலு மணி அடித்ததும் அண்ணன் பச்சை பட்டனை அமுக்கினான்.

"ஏய், 'இந்தத் தேதியை உறுதி செய்யலாமா'ன்னு கேக்குது. போன தடவை இப்படி ஒண்ணு கேக்கவே இல்லையே!"

"ஆமாண்ணா, கேக்கல" என்றாள். "இப்ப 'ஆமாம்'னு அமுக்கு."