நிக்கல் பிடிக்காத இடம்

அந்த வீட்டில் ஒரு பேச்சு இங்கிருந்து அங்கே போய்ச் சேர மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

“மாப்பிள்ளை, இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு சொல்லிடுங்க,” என்பார் அப்பா.

“உப்பு தூக்கலா இருக்காம்,” என்பான் மாப்பிள்ளை, எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் தன் மனைவியிடம்.

“எனக்குக் காது கேக்குதுங்க. நாளைக்குக் குறைச்சுப் போடறேன்னு சொல்லுங்க.”

“குறைச்சுப் போடறாளாம் மாமா.”

“எனக்கும் காது நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. கண்ணுதான் அவிஞ்சு போச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு.”

மாப்பிள்ளை தட்டிலேயே கண்ணாகச் சாப்பிடுவான். தபால்காரனுக்குக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தாலும் தெரியாத மாதிரிதானே இருக்க வேண்டும்.

அப்பாவும் மகளும் பேசாமல் போனது கார் சாவியால். அப்பா காரை வீட்டுக்குள் ஓட்டி வரும்போது வாசல் தூணில் இடித்தார். தூண் அங்கே இருபது வருஷமாக நிற்கிறது. “தெரியவே இல்ல, திடீர்னு வந்துடுச்சு,” என்றார், தூண் நடந்து வந்த மாதிரி. பம்பர் வளைந்தது, கதவோரம் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பொடியனின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது, முன்சக்கரம் அப்பளமாக. பொடியன் தண்ணீர் குடிக்க அப்போதுதான் உள்ளே போயிருந்தான்.

கண் டாக்டர் அப்பாவின் தலையை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் விடச் சொல்லி, அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளிகளை மின்னவிட்டுப் பார்த்தார். நடுவில் மின்னியதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்தது. ஓரத்தில் மின்னியது எதுவும் தெரியவில்லை. “நேர் பார்வை நல்லாருக்கு. ஓரப் பார்வைதான் சுருங்கிடுச்சு. குழாய் வழியா பாக்குற மாதிரி. மருந்து போட்டா இருக்கறது நிக்கும், போனது வராது. வண்டி மட்டும் வேண்டாம்,” என்றார் டாக்டர். மகள் ஓட்டிய காரில் திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா அந்த மெஷினைத்தான் குறை சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு சாவியைத் தேடினார். சாவி ஆணியில் இல்லை.

அது மகள் வேலை செய்யும் இடத்தில், ஒரு பல் செட்டுக்குப் பக்கத்தில், டப்பாவுக்குள் இருந்தது. அவளுக்கு வேலை பல் கட்டுவது. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவது. வீட்டில் கணவன் அவளைப் ‘பல்லுக்காரி’ என்றுதான் கூப்பிடுவான். சாவி எங்கே என்று கேட்டதற்கு அவள் மறைக்கவில்லை. “நான்தாம்பா எடுத்தேன். தரமாட்டேன்,” என்றாள். அன்றிலிருந்து அப்பா மாப்பிள்ளை வழியாகத்தான் பேசுகிறார்.

அந்தக் காரை அவர் வாங்கியது அவள் பிறப்பதற்கு முன்னால். ‘மூத்தவ’ என்பதுதான் அதற்கு அவர் வைத்த பெயர். சின்ன வயதில் அவள் அதற்காக அழுதுகூட இருக்கிறாள். இப்போது அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டு, கொட்டகையில் நிற்கும் மூத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பர், கைப்பிடி, பளபளவென்று இருந்த இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக உரிந்து கிடந்தது.

மன்னிப்புக் கேட்க அவளுக்கு வழியில்லை, ஏனென்றால் அவள் செய்ததில் தப்பில்லை. கைகட்டிச் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் முன்கதவுகளின் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றினாள்.

பழைய கார்களின் பளபளப்பு ஒரே பூச்சு இல்லை. சட்டைக்குள் பனியன் மாதிரி அடுக்கு அடுக்காக இருக்கும். மேலே தெரிகிற நீலம் கலந்த மினுக்கம் குரோமியம். அது மெல்லிய போர்வைதான். அதற்கு அடியில் பாரத்தைச் சுமப்பது நிக்கல். அதற்கும் அடியில்தான் அசல் உலோகம். இந்தக் கைப்பிடிகளுக்குப் பித்தளை. குரோமியத்தைக் கழற்றுவதோ ஏற்றுவதோ வீட்டில் செய்கிற வேலையில்லை, அதன் கழிவு விஷம். அதனால் கழற்றுவதற்கு மட்டும் ஒரு பட்டறையில் கொடுத்தாள். அவர்கள் மஞ்சளாய், மங்கலாய், நகை கழற்றின காது மாதிரி இரண்டு கைப்பிடிகளைத் திருப்பித் தந்தார்கள். நிக்கல் மட்டும் தானே போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்தாள். நிக்கலோடு நிறுத்திவிட்டாலும் அழகுதான். குரோமியத்தைவிடக் கொஞ்சம் மஞ்சள் தட்டிய வெள்ளை.

பூச்சு எதையும் மறைக்காது என்பதுதான் இந்த வேலையில் முதலில் மண்டையில் ஏற வேண்டியது. பெயின்ட் மேடு பள்ளத்தை நிரப்பும். நிக்கல் நிரப்பாது. கீழே ஒரு கீறல் இருந்தால் மேலேயும் அதே கீறல், இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் முக்கால்வாசி வேலை தேய்ப்பதில்தான். முரட்டு உப்புத்தாள், அப்புறம் மெல்லியது, அப்புறம் அதைவிட மெல்லியது. ஒவ்வொன்றும் முந்தினது போட்ட கோடுகளை அழிக்க வேண்டும். பல்லுக்கு மெருகேற்றும் சக்கரம் கையிலேயே இருந்ததால் கடைசிக் கட்டம் அவளுக்குச் சுலபம்.

கொல்லைப்பக்கத் துணி துவைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தாள். அதில் வெள்ளை வினிகர், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு நிக்கல் தகடுகள். பழைய பேட்டரி சார்ஜரின் இரு முனைகளையும் தகடுகளில் மாட்டினாள். சில மணி நேரத்தில் நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வினிகர் இளம்பச்சையானது.

கணவன் வந்து எட்டிப் பார்த்தான். “பல்லுக்காரி, ஊறுகாய்க்கு வெச்சிருந்த வினிகர் பூரா இங்கதான் இருக்கா?”

“வேற வாங்கிக்கலாம்.”

“தகடு எதுக்குக் காசு குடுத்து வாங்கினே? எவர்சில்வர் ஸ்பூன் ரெண்டைப் போட்டிருக்கலாமே.”

“போடலாம். அதுலேருந்து என்ன கரையும்னு நெனைக்கிறீங்க? அதுக்குள்ளேயும் குரோமியம் இருக்கு. விஷத்தை வீட்டுலயே காய்ச்சின மாதிரி ஆயிடும்.”

“அம்மா தாயே, எனக்குச் சாப்பிட ஸ்பூன் இருந்தாப் போதும்,” என்று நகர்ந்தான். போகும்போது நின்றான். “மாமா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. ஓட்டாத காருக்குக் கைப்பிடி எதுக்காம். இனிமே அந்தக் காரைக் கையால தொடறதா இல்லையாம்.”

“சொன்னதைக் கேட்டேன்னு சொல்லுங்க.”

ஓட்டுநர் பக்கக் கைப்பிடியைத்தான் அவள் முதலில் எடுத்தாள். யோசித்து எடுக்கவில்லை, பெட்டியில் அதுதான் மேலே இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். அப்புறம் செம்புக் கம்பியில் கட்டித் தூக்கி, மேலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். உலோகம் சுத்தமாக இருக்கிறதா என்று சொல்ல இதைவிட நம்பிக்கையான சாட்சி கிடையாது. எண்ணெய்ப் பசை துளியும் இல்லையென்றால் தண்ணீர் கண்ணாடித் தாள் மாதிரி முழுசாகப் படிந்து நிற்கும். எங்கேயாவது பசை இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் உடைந்து, முத்து முத்தாக ஒதுங்கிவிடும். இந்தக் கைப்பிடியில் தண்ணீர் எங்கும் உடையவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. கேஸ் சிலிண்டர். கைப்பிடியைத் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டு, அவள் போய்ப் பணம் கொடுத்து, பழைய சிலிண்டரை உருட்டிக் கொடுத்து, சில்லறைக்கு நின்றுவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் கைப்பிடியைத் தொட்டிக்குள் இறக்கினாள். மறுபடி ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சார்ஜரின் பிளஸ் முனை நிக்கல் தகட்டுக்கு, மைனஸ் முனை கைப்பிடிக்கு. நடுவில் ஒரு சின்ன பல்பு, மின்சாரம் அவசரப்படாமல் இருக்க. மின்சாரத்தைத் தாராளமாக விட்டால் நிக்கல் கரியாய், பொடியாய் ஒட்டி, துடைத்தால் வந்துவிடும். மெதுவாக விட்டால் அணு அணுவாக வந்து உட்கார்ந்து, பித்தளையோடு பித்தளையாகப் பிடித்துக்கொள்ளும். பல்பு மங்கலாக எரிந்தது. மஞ்சள் மெல்ல வெளுத்தது.

எடுத்துக் கழுவி, துணியால் மெருகேற்றும்போதுதான் பார்த்தாள். வெள்ளையாய் மின்னிய கைப்பிடியில் ஒரே ஒரு இடத்தில் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மஞ்சள் கோடுகள், வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்று. ஒரு பெருவிரல் ரேகை.

“ஏங்க, இங்க வாங்க. கையைக் காட்டுங்க.”

“எதுக்கு?”

“காட்டுங்கன்னா காட்டுங்க.”

கணவன் இரண்டு பெருவிரலையும் நீட்டினான். “சொத்தை எழுதி வாங்கப் போறியா? இருக்கிறதே ஒரு ஸ்கூட்டர்.”

அவன் ரேகை பொடிப்பொடியாக, நெருக்கமாக இருந்தது. கைப்பிடியில் இருந்தது அகலம். அவளுடையதாக இருக்க வழியே இல்லை, கையுறை போட்டிருந்தாள். பற்களின் அச்சைப் பார்த்து இது இன்னாருடையது என்று சொல்லிப் பழகியவள் அவள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். ரேகைக் கோடுகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு ஓடியது. இன்னொன்றையும் கவனித்தாள். அந்தப் பெருவிரல் ஏதோ ஒரு மூலையில் படவில்லை. கதவைத் திறக்கிறவர் பெருவிரலை வைத்து அழுத்துவாரே, சரியாக அந்தப் பொத்தான் மேல் பட்டிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த கைப்பிடியை யாரோ, கதவே இல்லாமல், காரில் ஏறப் போகிற மாதிரி பிடித்திருக்கிறார்.

கணவனுக்கு ஸ்கூட்டரைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது.

கூடத்தில் அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி ஜன்னல் விளிம்பில் கிடந்தது. முன்பெல்லாம் தினமும் காலையில் அதை அவளிடம்தான் நீட்டுவார், துடைத்துக் கொடுக்கச் சொல்லி. சாவி போன நாளிலிருந்து நீட்டுவதில்லை. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிடும்போது பெருவிரல் எப்போதும் கண்ணாடியிலேயே படும் அவருக்கு. அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த அகலமான ரேகைகள். எல்லாவற்றிலும் அதே சாய்வான வெட்டு.

துடைக்காமலே, எடுத்த இடத்தில் வைத்தாள்.

“யாருன்னு தெரிஞ்சுதா?” கணவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“தெரிஞ்சுது.”

“மாமாவா? தொடமாட்டேன்னு என்கிட்ட அடிச்சுச் சொன்னாரே.”

“அவர்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க.”

“நான் எதுக்குக் கேக்கப் போறேன். நான் வெறும் தபால்காரன்.”

உதிர்ந்த பூச்சை உப்புத்தாளால் உரித்துவிட்டு மறுபடி ஏற்றிவிடலாம். அது ஒரு மத்தியான வேலைதான். அவள் கைப்பிடியையும் உப்புத்தாளையும் கையில் எடுத்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அது மாறாது. பொடியனின் சைக்கிள் சக்கரம் கண் முன்னால் வந்தது. ஆனால் வாயால் வேண்டாமென்ற மனுஷன், யாரும் இல்லாத அந்தச் சில நிமிஷத்தில் கொல்லைப்புறம் வரை நடந்து வந்திருக்கிறார். உரித்துவிட்டால் அவர் வந்து போனதற்கு வேறு அடையாளமே இல்லை. உரிக்காமல் அப்படியே வைத்தாள்.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது பெரிய அளவில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்தாள். தொட்டிக்குப் பக்கத்துக் கொடியில், தன்னுடையதை ஒட்டி மாட்டினாள்.

“எனக்கா?” என்றான் கணவன்.

“உங்க கைக்கு அது தொளதொளன்னு இருக்கும்.”

அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் கையுறை மாட்டினபடியே தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை வழியாக உப்பும் புளியும் போய் வந்தன. அவள் வேறு எதுவும் அனுப்பவில்லை.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. கொல்லையில் தண்ணீர்ச் சத்தம். அப்பா முக்காலியில் உட்கார்ந்து, சோடாத் தண்ணீரில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். கையுறை அவர் கைக்குக் கச்சிதமாக இருந்தது. கணவன் கதவோரம் நின்று, அவளைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தான்.

“தொடமாட்டேன்னீங்களே மாமா,” என்றான் அவன், சும்மா இருக்க முடியாமல்.

“நான் எங்க தொட்டேன் மாப்பிள்ளை. ரப்பர்தான் தொடுது.”

அவள் அருகில் போனாள். அவர் கையில் இருந்தது ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடி இல்லை. இன்னொன்று. அது இன்னும் நிக்கலைப் பார்க்காத மஞ்சள் பித்தளை.

“ஓட்டுற பக்கத்துக் கைப்பிடி இங்க இருக்குங்களே மாமா,” என்றான் கணவன்.

“இருக்கட்டும். அதை ஓட்டுறவங்க பாத்துக்குவாங்க.” அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. “நான் ஏறப் போற கதவு இதுதானே.”

கணவன் அவளைப் பார்த்தான். இந்தத் தடவை திருப்பிச் சொல்ல அவன் வாயைத் திறக்கவில்லை.

அப்பா கைப்பிடியைக் கம்பியில் கட்டித் தூக்கினார். குவளையால் மேலிருந்து தண்ணீர் ஊற்றினார். அவள் இதைச் செய்ததை கொல்லைக் கதவு வழியாகப் பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்கு நேரே பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நடுவுல தண்ணி நல்லாத்தான் நிக்குது,” என்றார். அப்புறம் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். “ஓரம் எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு.”

கைப்பிடியைத் திருப்பினால் ஓரமும் நடுவுக்கு வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவள் குனிந்து பார்த்தாள். வலது முனையில் தண்ணீர் உடைந்து, இரண்டு முத்தாக ஒதுங்கியிருந்தது.

“இந்த ஓரத்துல உடையுதுப்பா.”

“உம்,” என்றார். கைப்பிடியை மறுபடி சோடாத் தண்ணீருக்குள் விட்டு, அவள் காட்டின முனையைத் தேய்க்க ஆரம்பித்தார். “அந்த இன்னொண்ணைச் சொரண்டிட்டியா?”

“இல்லப்பா.”

“சொரண்டி, திருப்பிப் போடு. ஓட்டுற கதவு பொரிஞ்சு கெடந்தா பாக்குறவன் என்ன நெனைப்பான்.”

அவள் கொடியிலிருந்து தன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். மெல்லிய உப்புத்தாளை நனைத்து, ரேகையின் மேல் வைத்து, வட்டமாகத் தேய்த்தாள்.