சேனைக்கு இட்ட எரு

ஜெயபாய் தலைக்கூடையை இறக்குவதற்குள் சாம்பசிவ ஐயர் வாசற்படியில் நின்று கையை நீட்டி மறித்துவிட்டார். மறுநாள் அவருடைய அப்பாவின் திதி. திதிக்குச் சேனைக்கிழங்கு வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்தவரும் அவர்தான். கரமனையில் அந்தத் தெருவுக்கு அவர் பேச்சுதான் பேச்சு. அவர் வேண்டாம் என்றால் மற்ற வீடுகளிலும் வாங்கமாட்டார்கள்.

"விழிஞ்ஞத்துலேந்து உங்க பக்கம் எருவுக்குன்னு வண்டி வண்டியா மீன் கழிவு வந்து எறங்கறதாமே. அதுல வெளஞ்சதைப் பித்ருக்களுக்குப் போடச் சொல்றியா?"

"அது பக்கத்துத் தோப்புல தென்னைக்கு எறக்கினது சாமி. எங்க சேனைக்குச் சாணமும் சாம்பலும் சருகுந்தான். வேற ஒரு வளமும் வைக்கல்ல."

"அப்போ சத்தியம் பண்ணு. உங்க வேதத்து மேல பண்ணு."

"எங்களுக்குச் சத்தியம் பண்ணக்கூடாது சாமி. உள்ளதைச் சொல்லியாச்சு."

சத்தியம் செய்வது பாவம் என்று கிறிஸ்தவச் சபையில் கேட்டு வளர்ந்தவள் அவள். கழுத்தை அறுத்தாலும் செய்யமாட்டாள். ஐயருக்கு அது போதுமாக இருந்தது. சத்தியத்துக்குப் பயப்படுகிறவள் பொய்க்காரி, வேறென்ன? "பாத்தேளா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். எதிர்வீட்டில் முறத்தோடு நின்றவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஜெயபாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாசியில் குழி எடுத்து, அடியில் சருகு போட்டு, சாணத்தையும் சாம்பலையும் கலந்து நிரப்பி, மழை பிந்திய ஆனியில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, மார்கழியில் தோண்டிய கிழங்கு. நாக்கில் துளி அரிப்பு இருக்காது, வெந்தால் வெண்ணெய். அதுகூடப் போகட்டும். அந்தச் சாணம் யார் வீட்டுச் சாணம்? தினம் விடியுமுன் இதே வீட்டுத் தொழுவத்தைக் கூட்டி அவள் அள்ளிக்கொண்டு போனதுதானே? ஐயரின் மனைவி நீலாம்பாள் கொல்லைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததுதானே? இப்போது புருஷன் பேசியபோது கதவிடுக்கில் நின்றவளும் அந்த நீலாம்பாள்தான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? பார்த்ததைச் சொல்ல ஒரு நொடி போதுமே!

கூடையோடு அவள் கொல்லைச் சந்து வழியாகத் திரும்பியபோது ஐயர் வீட்டுக் கொல்லைக்கதவைக் கொஞ்சம் திறந்து நீலாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"ஜெயபாய், நல்லதா ரெண்டு குடுத்துட்டுப் போடி. சேனை இல்லாம நாளைக்குத் திதி எப்படி? சந்தைல வாங்கினதுன்னு சொல்லிக்கறேன்."

"மீன் கழிவுல வெளஞ்சதாச்சே அம்மா?"

நீலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "நேக்குத் தெரியாதா? மனசுல வச்சுக்காதே."

தெரியுமாம்! ஐயரின் அறியாமையைக்கூட மன்னித்துவிடலாம், இந்தத் தெரிதலை மன்னிக்க ஜெயபாயால் முடியவில்லை. மொத்தக் கூடையையும் ஓடையில் கொட்டினாலும் கொட்டுவாளே தவிர, இந்தக் கதவு வழியாக ஒரு கிழங்கு தரமாட்டாள்.

"முன்வாசல்ல வச்சு வாங்குங்க. நாலுபேரு காணட்டும்."

"தெருவே பாக்குமேடி!"

"பாக்கட்டும். நான் அங்க நிக்கேன்."

சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, ஐயர் வீட்டுப் படிக்கு நேராகக் கூடையை இறக்கினாள். இருப்பதில் பெரிய சேனையை எடுத்து, ஒட்டியிருந்த கறுத்த மண்ணைத் தட்டாமல் மேலே வைத்தாள். எதிர்வீட்டுக் கதவு மறுபடி ஒரு விரல்கடை திறந்தது. ஆற்றுப் பக்கமிருந்து ஐயர் ஈரத்துண்டோடு வந்துகொண்டிருந்தார். உள்ளே வளையல் சத்தம் வாசற்கதவுவரை வந்தது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்து, அப்படியே நின்றது.