ஆர்ட் சில்க்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அற்புதசாமி பெண்டாட்டியிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் அவராகவா மறைத்தார்? பாழாய்ப்போன இங்கிலீஷ் மறைத்தது. மருங்காபுரியிலிருந்து பஸ் ஏறி வந்து திருச்சியில் கூறைப்புடவை எடுத்தபோது, கடைக்காரர் அதை ஆர்ட் சில்க் என்றார். ஆர்ட் என்றால் கலை. கலை வேலைப்பாடு உள்ள பட்டு என்று நம்பி, பூரித்துப்போய் வாங்கினார் மனுஷர். அது ஆர்டிஃபிஷியலின் சுருக்கம், வெறும் பாலியஸ்டர் என்று ஆபீசில் ஒருத்தர் சொல்லிச் சிரித்தபோது, முதல் பிள்ளையே பிறந்துவிட்டது. சர்ச்சில் பங்குச்சாமியார் மந்திரித்துக் கொடுத்த புடவை வேறு. அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

மனைவி லூர்துராணியோ சயின்ஸ் டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கே.கே. நகர் வீட்டுச் சமையலறையில் தீப்பெட்டியும் கையுமாக நின்றாள். மறுநாள் ஏழாம் வகுப்பில் நூல்களைக் கொளுத்திக் காட்ட வேண்டுமாம். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பட்டு முடி பொசுங்குகிற நாற்றமடிக்கும், பாலியஸ்டர் உருகி மணியாக உறையும் என்று அவருக்கே வகுப்பெடுத்தாள். பருத்திக்கு அவர் வேட்டி, பாலியஸ்டருக்கு அவர் சட்டை. பட்டுக்குக் கூறைப்புடவையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வைத்திருந்தாள்.

அற்புதசாமி அந்த நூலையே பார்த்தார். நாற்பது வாண்டுகள் முன்னால் அது உருகி மணியானால் அவள் மானம் என்னாவது? தன் மானத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தார்.

"ராணி, அதக் கொளுத்தாத. அது பட்டு இல்ல," என்றார். ஆர்ட் கதையை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். கண்கூடக் கலங்கிவிட்டது.

அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். நூல் சுருண்டது. முடி பொசுங்குகிற நாற்றம் சமையலறை முழுக்கப் பரவியது. சந்தேகமே இல்லை, சுத்தமான பட்டு.

கடைக்காரன் கைதவறி அசலையே கொடுத்துவிட்டான் போலிருக்கிறது என்று அற்புதசாமிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த ஒரு நிமிஷம்தான்.

"நீங்க எடுத்தது கல்யாணமான நாலாம் மாசமே அயர்ன் பாக்ஸ்ல ஒட்டி உருகிடுச்சுங்க," என்றாள் லூர்துராணி. "உங்க மனசு நோகக் கூடாதுன்னு அதே கலர்ல நானே ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

இருபத்தைந்து வருஷமாக அவளே எடுத்த நல்ல பட்டைப் பார்த்தா வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம்? அற்புதசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்குக் கோபப்பட யோக்கியதை உண்டா என்பது புரியாமல், மந்திரிச்ச புடவை எங்கே என்று மட்டும் கேட்டார்.

"கிழிச்சுத் தரை துடைக்கலாம்னு பாத்தேன். தண்ணிய உறிஞ்சவே இல்லைங்க."