எழுதாத அட்டைகள்

"தூக்கலாம்" என்று மரண சங்கத் தலைவர் கையைக் காட்டினார். தப்புக்காரர்கள் நெருப்பில் காய்ச்சிய தப்பு மேளங்களைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து பஸ்மிலா வீட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்து அழகனின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, மிஸ்ஸோட கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு அட்டைக் கட்டு இருந்திச்சே, எங்க? இந்த வருஷத்தது."

அழகனுக்குத் தெரியவில்லை. மனைவி ஜெயந்தினியை வைத்து மூடியாகிவிட்ட சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்றிருந்தான். அப்போது அவன் பெயரைக் கேட்டிருந்தாலும் யோசித்துத்தான் சொல்லியிருப்பான். பதில் அவனுடைய அக்கா வீரம்மாவிடமிருந்து வந்தது.

"நாந்தான் உள்ள வெச்சேன். கடைசி வரைக்கும் அதக் கையில வெச்சிருந்தாளே, வுட்டுட்டு எப்புடிப் போவா? கைக்குக் கீழ வெச்சு சேலையால மூடியிருக்கேன்."

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அது வழக்கம்தான். செத்தவருக்குப் பிடித்தது ஒன்றைக் கூடவே அனுப்பி வைப்பார்கள். வெற்றிலை இல்லாமல் இருக்க முடியாதவருக்கு வெற்றிலைப் பை போகும். போன வருடம் ஒரு வாலிபனோடு கிரிக்கெட் பந்து போனது. ஜெயந்தினிக்கு அட்டைகள். வீரம்மா பாசத்தில் செய்ததற்குக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

பஸ்மிலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, அது இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தலயே" என்றாள்.

ஜெயந்தினி ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் வேலை பார்த்தாள். பஸ்மிலா அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவள். தேயிலைச் செடிக்கு வரும் நோய்களைப் பற்றி உலகத்தில் எந்த மூலையில் யார் கட்டுரை எழுதினாலும் ஜெயந்தினி அதைத் தேடிப் பிடித்துப் படித்து ஓர் அட்டையில் குறிப்பாள். முன்பக்கம் கட்டுரையின் பெயர், எழுதியவர் பெயர். பின்பக்கம் அவளுடைய தீர்ப்பு. 'நல்ல வேலை. ஆனால் மழைக்காலத்தில் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.' 'பழைய கட்டுரை, புதுச் சட்டை.' வருடக் கடைசியில் அவையெல்லாம் ஒரு சிறிய சஞ்சிகையின் கடைசிப் பக்கங்களில் நூற்பட்டியலாக வரும். ஜப்பானிலும் கென்யாவிலும் அந்தப் பக்கங்களுக்காகவே சஞ்சிகையை வாங்கியவர்கள் உண்டு.

"தோட்டத்துல எல்லாருக்கும் கால்லதான் அட்டை ஏறும். உனக்கு மட்டும் கையில" என்று அழகன் சீண்டுவான். அவன் ஹட்டன் – மஸ்கெலியா பஸ் டிரைவர். அவனுடைய பஸ்ஸில் வரும் நாட்களில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, வளைவுகளில் ஆடிக்கொண்டே படிப்பாள். ஏறுகிறவர்களிடம் அவன் கேட்காமலே சொல்வான்: "அது என் சம்சாரம். சீனாக்காரன் எழுதினாலும் இவ பாத்து சரின்னு சொல்லணும்." பெருமை என்றால் கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை. அந்தக் கட்டுரைகளில் ஒரு வரி அவனுக்குப் புரியாது. அவனால் முடிந்தது காலையில் அவளுடைய பென்சிலைச் சீவி வைப்பது. அழுத்தி எழுதுகிற கை, அடிக்கடி முனை உடையும்.

இந்த வருடம் பிறந்தபோது சஞ்சிகைக்காரர்கள் எழுதினார்கள்: இனி அச்சில் வராது, இணையத்தில் மட்டும். நூற்பட்டியலும் தேவையில்லை, கம்ப்யூட்டரே தேடிக் கொடுத்துவிடுகிறது.

அன்றைக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "குடுக்கட்டுங்க. மிஷின் ஆயிரம் கட்டுரைய அள்ளிக் கொட்டும். அதுல எத நம்புறதுன்னு ஒரு மனுஷர் படிச்சுத்தானே சொல்லணும்?"

சொன்னதோடு விடவில்லை. எங்கோ ஒரு மாணவர் தன் ஆய்வில் மேற்கோள் காட்டியிருந்த மூன்று கட்டுரைகளைத் தேடினாள். அப்படிக் கட்டுரைகளே உலகத்தில் இல்லை. கம்ப்யூட்டர் தானாகப் பெற்றுப் போட்ட பிள்ளைகள். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, எழுதிய ஆள் இல்லை. அவற்றுக்கும் அட்டை போட்டு, பின்பக்கம் 'இப்படி ஒன்று இல்லை. தேட வேண்டாம்' என்று எழுதி, படமெடுத்துப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினாள். அவர் இறங்கி வந்தார். இந்த வருடப் பட்டியல் ஒன்று விடாமல் வரட்டும், அப்படி வந்தால் இணையத்திலும் இந்தப் பகுதி தொடரும், அடுத்த வருடத்திலிருந்து பஸ்மிலாவும் சேர்ந்து செய்யலாம் என்றார்.

அதற்குப் பிறகுதான் நோய் வந்தது. பாதி வருடத்து அட்டைகளைப் பஸ்மிலா கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். மீதியை ஜெயந்தினி ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வீட்டுக் கட்டிலிலும் கிடந்து எழுதினாள். "என் பேரு போனா போவட்டும் புள்ள. பட்டியல் நின்னுரக் கூடாது" என்று பஸ்மிலாவிடம் சொன்னபோது அழகனும் பக்கத்தில் இருந்தான். அந்தக் கட்டுத்தான் இப்போது மண்ணுக்குப் போகப் பார்க்கிறது.

அவன் பெட்டியைப் பார்த்தான். வீரம்மா அவன் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

"வேணாந் தம்பி. பொணத்துக்குக் குடுத்ததத் திருப்பிப் புடுங்குனா அவ வாசல்ல வந்து நிப்பா. ஆவாது."

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. வாசல் நிறைய ஊர் நின்றது. அழகன் உள்ளே போனான். அவளுடைய அலுமாரியின் கீழ்த்தட்டில் எதையோ தேடி எடுத்து, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்தான். "தூக்குங்க" என்றான்.

பாதை ஓரமெல்லாம் வெள்ளைக் கொடி. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள். பனி இறங்கித் தப்பின் சத்தம் மந்தமாகக் கேட்டது. அழகன் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியபடி நடந்தான். மெலிந்து காற்றாகிப் போனவளுக்கு இவ்வளவு கனமா என்று நினைத்தான். அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லாததால் அது பாட்டுக்கு வழிந்தது.

பொதுமயானத்தில் வாய்க்கரிசிக்காகக் கடைசித் தடவையாக மூடியைத் திறந்தார்கள். ஜெயந்தினியின் தம்பி பிரதாப் தலைமாட்டில் நின்றான். அழகன் அரிசியைப் போட்டான். போட்ட கையைச் சேலைக்குள் விட்டான்.

பிரதாப் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், என்னா செய்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"அக்காவோட சாமான் மச்சான். அது கூடவே போவட்டுமே."

அழகன் வேட்டி மடிப்பிலிருந்ததை எடுத்துக் காட்டினான். காகிதப் பட்டி பிரிக்காத புது அட்டைக் கட்டு. ஒரு எழுத்தும் எழுதாதது. அதற்குள் ஒரு துண்டுப் பென்சில் செருகியிருந்தது.

"எழுதி முடிச்சத அவ எதுக்குடா தூக்கிட்டுப் போகணும்?" என்றான். "எழுதாததுதான் அவளுக்கு வேணும். சும்மா இருக்க மாட்டா. ஒனக்குத் தெரியாதா ஒங்கக்காவ?"

பிரதாப்பின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவன் பிடியை விட்டான். பிறகு குனிந்து அக்காவின் விறைத்த கையை மெல்லத் தூக்கிக் கொடுத்தான். பழைய கட்டு வெளியே வந்தது, புதுக் கட்டு உள்ளே போனது. சங்கத் தலைவர் எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியை அவரே வாங்கி மூடினார்.

குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசல் கழுவியிருந்தது. வீரம்மா அவன் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வெறுங்கையோட அனுப்பலக்கா. புதுசு குடுத்துட்டேன்" என்றான்.

அவள் முந்தானையால் ஜெயந்தினியின் மேசையைத் துடைத்துவிட்டு, "அந்தப் புள்ளைக்கு வெளிச்சம் போதாது, ஜன்னலத் தொற" என்றாள்.

பஸ்மிலா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பினாள். ஓரங்களில் மஞ்சள் ஒட்டியிருந்தது. நடுவில் இரண்டு அரிசி மணிகள் கிடந்தன. அவற்றை அவள் எடுத்து எறியவில்லை, ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். கடைசி அட்டையைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இது ஒண்ணுதாண்ணே மிஸ் முடிக்கல. பேரு மட்டும் எழுதியிருக்காங்க."

"கட்டுரை இருக்கா?"

"என் போன்ல இருக்கு. நா படிச்சுப் பாக்குறேன்."

அவள் குனிந்து படிக்கத் தொடங்கினாள். அழகன் அடுப்பெரியாத குசினி வாசற்படியில் போய் உட்கார்ந்தான். சட்டைப் பையில் சவர பிளேடு இருந்தது. ஒரு புதுப் பென்சிலை எடுத்து, சீவல்கள் கழுவிய வாசலில் விழாதபடி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, மெதுவாகச் சீவினான்.