நாற்பத்தோராம் வரி

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கணினி படுத்துவிட்டது. அதில் புதிதாக ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுத்தர ஒரு பெண் வந்தார். அரை மணி நேர வேலை என்று சொல்லி உட்கார்ந்தவர், ஐந்து மணி நேரம் என் மேசையை விட்டு எழவில்லை. நான் எதிரே நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தேன். ஒருவர் திண்டாடுவதைக் கண்டால் குறிப்பெடுக்கத் தோன்றுவது என் தொழிலின் கெட்ட புத்தி.

அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு நிபந்தனை போட்டார். பெயர் வரக் கூடாது, பரிதாபம் வரக் கூடாது. முதலாவது சுலபம். அவர் குடியிருக்கும் கட்டிடத்துப் பிள்ளைகள் அவரை 'ஒயர் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்களாம், அதையே வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதைக் காப்பாற்றினேனா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

[திரையில் எழுத்துகள் மழையாகப் பொழிந்துகொண்டிருந்தன. ஒயர் அக்கா தன் கடந்த காலத்தை நினைத்துப் பார்த்தாள். அந்த நாட்களில்]

கையில் ஸ்குரூ டிரைவரோடு யாரும் கடந்த காலத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. சரிப்படவில்லை. ஆனாலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

அடுத்து இடத்தை மாற்றினேன். எழுத்தாளர் வீட்டில் எழுத்தாளர் கண்ணெதிரில் நடக்கும் கதையை என் மனைவிகூடப் படிக்க மாட்டாள். ஆகவே கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வைத்தேன். எனக்குப் பதிலாக ஒரு கம்பவுண்டரை உட்கார வைத்தேன். மடியில் காலில் கட்டுப் போட்ட ஒரு பூனை. என்னைவிட இந்த இருவரும் பார்க்க லட்சணமாக இருக்கிறார்கள்.

3.

டாக்டர் நான்கு மணிக்கு வருவார். எந்த நாய்க்கு எந்த ஊசி போட்டது என்ற விவரமெல்லாம் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் சிஸ்டம் ஓடினால்தான் அதைத் திறக்க முடியும்.

ஒயர் அக்கா காலை பத்தரைக்குத் தன் பென் டிரைவைச் சொருகினாள். இன்ஸ்டாலர் குஷியாகத்தான் கிளம்பியது. மொழி, நேரம், டிஸ்க் எல்லாம் மளமளவென்று தாண்டியது. நெட்வொர்க் அமைப்புக்கு வந்ததும் திரை உறைந்தது. 'எதிர்பாராத பிழை' என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது, பிறகு எல்லாம் இருண்டது.

கேபிளை மாற்றினாள். அதே இடத்தில் விழுந்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டாள். அதே இடம். கேபிளையே பிடுங்கிவிட்டு ஓட்டினாள். அப்போதும் விழுந்தது. பெட்டியைத் திறந்து மெமரியைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டினாள். இன்ஸ்டாலர் மறுபடியும் குஷியாகக் கிளம்பியது.

இது அவள் தனியாக எடுத்த முதல் வேலை. பதினொரு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் இருநூறு கணினிகளைக் கட்டி மேய்த்தவள். ஏழு மாதத்துக்கு முன் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கணவனின் அண்ணன் வைத்திருக்கும் ஸ்டேஷனரிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. ஒரு மாதம் தனியாக வேலை எடுத்துப் பார்க்கிறேன், நடக்காவிட்டால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அந்த மாதத்தில் நான்கு நாள்தான் மிச்சம்.

இரண்டு மணிக்குக் கணவன் போன் செய்தான்.

"முடிஞ்சுதா?"

"இல்லங்க. நெட்வொர்க்கிட்ட வந்து வந்து விழுந்துடுது."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒண்ணாம் தேதிக்கு என்ன சொல்றதுன்னு."

"சாயங்காலம் சொல்றேங்க."*

* கணவனை வில்லனாக்கிவிட்டால் கதை விறுவிறுப்பாகும் என்று ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். "பாவம் சார், அவர் எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்றாரு" என்று கிழிக்கச் சொல்லிவிட்டார்.

4.

[அவள் கண்களில் நீர் திரண்டது. திரையின் வெளிச்சத்தில் அது]

இதைப் படித்துவிட்டு ஒயர் அக்கா உடனே போன் செய்தார்.

"நான் எங்க சார் அழுதேன்? எனக்குப் பசி. நீங்க டீ மட்டும்தான் குடுத்தீங்க."

உண்மை. இரண்டு டீ கொடுத்தேன், ஒரு பிஸ்கட் வைக்கத் தோன்றவில்லை. கண்ணீரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஏழாவது முறை விழுந்தபோது அவர் இரண்டு கைகளையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அந்தக் கைகளைப் பார்த்து, "ஏழு மாசத்துல மறந்துபோச்சா?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. இது பரிதாபம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

5.

மணி மூன்றே கால். கம்பவுண்டர் பூனையை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினார்.

"தப்பா நெனைக்காதம்மா. என் மச்சான் வீட்டுல ஒருத்தர் இது மாதிரி போட்டாரு. அது நொய்நொய்னு கேள்வி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இது நம்மகிட்ட ஒண்ணுமே கேக்கலையே?"

"கேக்காதுண்ணே. பதிலெல்லாம் நானே முன்னாடியே எழுதி பென் டிரைவ்ல"

அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. (பாதியில் நின்றது இந்த முறை என் வாக்கியம் அல்ல, அவருடையது. கேள்விதான் என்னுடையது, மச்சான் உட்பட. விவரம் தெரியாதவன் கேட்ட கேள்வி என்பதால் பெருமைப்படவும் வழியில்லை.)

நடந்தது இவ்வளவுதான். இருநூறு கணினிக்கும் இன்ஸ்டாலர் ஒரே கேள்விகளைத்தான் கேட்கும். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து பதில் சொல்லி மாளாது. அதனால் ஒன்பது வருடத்துக்கு முன் எல்லாப் பதில்களையும் ஒரே கோப்பில் எழுதிவைத்தாள். அறுபத்து மூன்று வரி. அன்று முதல் நெட்வொர்க் பக்கத்தை அவள் கண்ணால் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அதில் நாற்பத்தோராம் வரி, அலுவலகத்தின் சர்வரைப் பெயர் சொல்லி, முதலில் அங்கே போய் நில் என்றது. அந்த சர்வர் இங்கே ஏது? அந்த மாடியையே காலி செய்துவிட்டார்கள். இன்ஸ்டாலர் போய்த் தேடியது, காணவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் விழுந்தது.

நேற்று தொழிலுக்கு வந்த ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. கேள்விக்குக் கேள்வி கையால் பதில் சொல்லி, அரை மணியில் எழுந்து போயிருப்பார்.

"காலையிலேருந்து இது என் பழைய ஆபீசைத் தேடிக்கிட்டு இருந்திருக்குண்ணே."

"அப்ப உனக்கு வேலை மறக்கல."

"இல்ல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறக்கல."

6.

இப்போது கோப்பு திறந்திருக்கிறது. வழிகள் மூன்று.

அந்த வரியை அழித்துவிடலாம். அழித்தால் நாற்பத்திரண்டாவது மேலே ஏறி நாற்பத்தொன்றாகிவிடும், இடைவெளிகூடத் தெரியாது.

அல்லது வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி (#) போடலாம். போட்டால் இயந்திரம் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகும். மனிதர் திறந்து பார்த்தால் வரி அப்படியே இருக்கும்.

அல்லது பென் டிரைவைப் பையில் போட்டுவிட்டு, ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் கையால் பதில் சொல்லலாம்.

எதைச் செய்தார்? எனக்குத் தெரியாது. சரியாக அந்த நேரத்தில் என் வீட்டு அழைப்புமணி அடித்தது. பார்சல்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் இன்ஸ்டாலர் நெட்வொர்க் பக்கத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் வாசலில் நின்று செருப்பை மாட்டியபடி கணவரிடம் போனில் பேசினார்: "முடிஞ்சுதுங்க. ஒண்ணாம் தேதிக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. கோவிச்சுக்கப் போறாரு, நான் வந்து பேசிக்கிறேன்." அன்று நான் கேட்ட முதல் மகிழ்ச்சியான செய்தி அதுதான்.

பிறகு இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "அந்த வரியை என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார். நியாயம்தான்.

நான் என் பங்குக்கு எதையும் அழிக்கவில்லை. மழையும் கண்ணீரும் மேலே அடைப்புக்குள் அப்படியே கிடக்கின்றன, தாண்டித்தான் வந்திருக்கிறீர்கள். அது என் சுபாவம். பதினொரு வருடம் போய்வந்த ஓர் இடத்தை என்ன செய்வது என்று அவருக்காக நான் முடிவு செய்ய மாட்டேன்.

டாக்டர் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. பூனை தூங்கிவிட்டதால் கம்பவுண்டர் காலை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தோராம் வரியின் முன்னால் கர்சர் நின்று துடிக்கிறது. கீபோர்டை உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன்.